பீப்பி வாங்கும் முன் நாக்கைப் பாருங்கள்

கேள்வி: அண்ணாச்சி, பேரனுக்கு முதல் பிறந்த நாள். பாளையங்கோட்டையில் மண்டபம் பேசியாச்சு. வருகிற பிள்ளைகளுக்குக் கொடுக்க பீப்பி, கேஸ் ஹாரன் என்று மருமகன் பட்டியல் போட்டிருக்கிறார். எதை வாங்கலாம்?

பதில்: கேஸ் ஹாரனை முதலில் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். காதுக்குப் பக்கத்தில் அமுக்கினால் 110 டெசிபலைத் தாண்டும். பெரியவர்கள் காதுக்கே 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் கணக்கு. 3 டெசிபல் கூடக்கூட நேரம் பாதியாகும். 110-க்கு வரும்போது மிஞ்சுவது ஒன்றரை நிமிடம். பிள்ளை இடுப்பில் இருக்கும்போது ஏதாவது ஒரு சித்தப்பா பின்னால் வந்து அமுக்கத்தான் செய்வார். அதோடு, பல டப்பாக்களில் இருப்பது தீப்பற்றும் வாயு. கேக்கில் மெழுகுவர்த்தி எரியும் இடத்தில் அது வேண்டவே வேண்டாம்.

பீப்பியில் எனக்குச் சத்தத்தைவிட நாக்கு மேல்தான் பயம். நாக்கு என்பது ஊதும் முனைக்குள் இருக்கிற சின்னத் தகடு. அது தளர்ந்திருந்தால், பிள்ளை மூச்சை உள்ளே இழுக்கும்போது அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். பிளாஸ்டிக் என்பதால் எக்ஸ்ரேயிலும் சட்டென்று தெரியாது. மூன்று வயசுக்குக் கீழே ஊதுகிற எதையும் கொடுக்காதீர்கள், பலூன் பீப்பியும் சேர்த்து. மூத்த பிள்ளைகளுக்கு வாங்கினால் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 14 வயசுக்கு உட்பட்டவர்களின் விளையாட்டுப் பொருளுக்கு 2021 ஜனவரி 1 முதல் அது கட்டாயம். அப்புறம், தலைகீழாகப் பிடித்து உள்ளங்கையில் நாலு தட்டு தட்டுங்கள். உள்ளே ஏதாவது ஆடினால் கடையிலேயே வைத்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால் கிலுக்கு, அதாவது கிலுகிலுப்பை, வாங்குங்கள். பனை ஓலையில் பின்னியது, இல்லையென்றால் அம்பாசமுத்திரத்து மரக் கிலுக்கு. டவுனில் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் விசாரியுங்கள். இதில் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாவிட்டால் பதற வேண்டாம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்ததற்கு விலக்கு உண்டு. ஓலைப் பின்னல் மட்டும் இறுக்கமாக இருக்க வேண்டும், உள்ளே இருக்கும் கல்லோ விதையோ வெளியே வரக்கூடாது.

கேள்வி: திருகினால் காகிதத் துண்டுகள் தெறிக்கும் பார்ட்டி பாப்பர் ஒரு டஜன் வாங்கினோம், பாதி வெடிக்கவில்லை. பில்லில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சடித்திருக்கிறதே?

பதில்: அச்சடித்தால் சட்டமாகிவிடாது. பழுதான பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. பில்லோடு போய் நிதானமாகக் கேளுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வெடிக்காததை மறுபடி திருகிப் பார்க்காமல் அப்படியே கொண்டு போங்கள், பாப்பரின் வாயை முகத்துக்கு நேரே பிடிக்காமல்.