வாசகர் கேள்வி–பதில்: தென்னாப்பிரிக்க அணைநீரில் சிறு வீட்டுப் படகு

லெனேஷியா வாசகர்: வால் (Vaal) ஆற்று அணையில் நாங்கள் நான்கு பேர் வார இறுதிகளில் தங்கி, மெல்லச் சுற்றிவர ஒரு சிறு வீட்டுப் படகை நாங்களே கட்ட எண்ணியிருக்கிறோம். வரைபடங்கள் நிறையக் கிடைக்கின்றன. எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

அறையின் அழகை மறந்துவிட்டு, முதலில் எடையையும் காற்று மோதும் பரப்பையும் பாருங்கள். இந்த இரண்டையும் சொல்லாத வரைபடத்தை வாங்க வேண்டாம்.

உங்கள் தேவைக்கு 6 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் அகலம், தட்டையான அடி, இரு முனையும் சரிவாக எழும் பெட்டி வடிவம் போதும். பிளைவுட் தகடு 2.44 மீட்டர் நீளம் என்பதால், குறுக்கே கிடத்தினால் அடித்தளம் முழுத் தகடுகளாலேயே முடியும். டிரெய்லரில் ஏற்றிச் சாலையில் கொண்டுபோகவும் இந்த அகலம் ஏற்றது. படகும் டிரெய்லரும் சேர்ந்து 750 கிலோவை எளிதில் தாண்டிவிடும். அதனால் பிரேக் உள்ள டிரெய்லரும், இழுப்பவருக்கு இ.பி. வகை ஓட்டுநர் உரிமமும் வேண்டும்.

இனி எடை. படகின் உடல் 380 கிலோ, அறை 180, எஞ்சினும் பெட்ரோலும் 65, பேட்டரியும் அடுப்பும் 50, குடிநீர் 60, நங்கூரம், கயிறு 30, சாமான் 100, ஆட்கள் 300. கூட்டினால் 1,165. வீட்டில் கட்டுகிற படகு கணக்கை மீறாமல் இருப்பது அரிது, ஆகவே பத்து விழுக்காடு சேர்த்து 1,280 என்று வையுங்கள். சரிந்த முனைகளைக் கழித்தால் நீரைத் தொடும் பரப்பு சுமார் 12 சதுர மீட்டர். அப்படியானால் 120 கிலோவுக்கு ஒரு சென்டிமீட்டர் அமிழும், மொத்தத்தில் ஏறக்குறைய 11 சென்டிமீட்டர். பக்கப் பலகை 60 சென்டிமீட்டர் உயரம் வைத்தால் நீருக்கு மேலே 49 மிஞ்சும். நான்கு பேரும் ஒரே ஓரத்துக்குப் போனாலும் மூன்று டிகிரி அளவே சாயும். ஆனால் ஐந்து டிகிரியில் மறுபக்க அடி நீரைவிட்டு எழுந்துவிடும். அதன்பின் முதலில் இருந்த உறுதி இருக்காது. கூரைமேல் ஆட்களை ஏற்றாதீர்கள். பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

அதிகம் பேர் தவறுவது அறை உயரத்தில்தான். நிமிர்ந்து நிற்க 1.9 மீட்டர் வைத்தால் பக்கவாட்டில் காற்று மோதும் பரப்பு 8 சதுர மீட்டரை நெருங்கும். கோடைப் பிற்பகலில் இடிமழைக்கு முன்னால் 60 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால், அது சுமார் 120 கிலோ விசையோடு படகைப் பக்கவாட்டில் தள்ளும். 9.9 குதிரைத்திறன் எஞ்சினால் அதை எதிர்த்து நிற்க முடியாது. போதாததற்கு அணை 1,480 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று அடர்த்தி குறைந்து, எஞ்சின் தன் சக்தியில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கை இழக்கும். உள் உயரத்தை 1.5 மீட்டராக்கினால் பரப்பு 6 சதுர மீட்டராகி, தள்ளும் விசை 90 கிலோவுக்கு இறங்கும். அடுப்புக்கு மேலே கூரையில் தூக்கித் திறக்கும் ஒரு பகுதி வைத்தால் சமைப்பவர் நிமிர்ந்து நிற்கலாம். இதை நான் வலியுறுத்தியே சொல்வேன்.

அடிக்கு 12 மில்லிமீட்டர், பக்கத்துக்கு 9 மில்லிமீட்டர் மரைன் பிளை, அதாவது படகுக்கென்றே செய்த பிளைவுட். வெளிப்புறம் கண்ணாடி இழைத் துணி ஒட்டி எபாக்சிப் பிசின் பூச வேண்டும். அடியில் நீளவாக்கில் 10 சென்டிமீட்டர் உயரத்தில் இரண்டு கட்டைகள் பொருத்துங்கள். அவை இல்லாவிட்டால் படகு நேரே போகாது, காற்று இழுத்த பக்கம் வழுக்கும். அழுகல் பெரும்பாலும் மேலிருந்து வரும் மழைநீரால்தான், ஜன்னல் மூலைகளிலும் கூரை இணைப்பிலும் தொடங்கும். அங்கே இடுக்கை அடைக்கும் சீலன்ட் பசை தாராளமாக இருக்கட்டும், எதிரெதிரே இரண்டு காற்றுத் துளைகளும் இருக்கட்டும்.

புயல் வருவதற்குள் கரையோரம் ஒதுங்கி, முன்முனையிலிருந்து நங்கூரம் இறக்குங்கள். முனை காற்றை நோக்கித் திரும்பினால் மோதும் பரப்பு வெகுவாகக் குறையும். 10 கிலோ நங்கூரம், 5 மீட்டர் சங்கிலி, ஆழத்தைப் போல் ஏழு மடங்கு கயிறு.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்: மிட்மார் அணைக்கு பிளாஸ்டிக் டிரம்களை அடுக்கிக் கட்டினால் செலவு குறையாதா?

குறையும். 210 லிட்டர் டிரம் பாதி அமிழ்ந்தால் 105 கிலோ தாங்கும். மேலே சொன்ன எடைக்கு வரிசைக்கு ஏழாக 14 டிரம் போதும். ஆனால் ஒவ்வொரு டிரம்மின் முகமும் நீரைத் தடுக்கும், எஞ்சின் வீணாகத் திணறும். பகலில் சூடேறி இரவில் குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, மூடி வழியாக நீரை உறிஞ்சும். எந்த டிரம்மில் நீர் புகுந்தது என்று வெளியே தெரியாது. மூடியை மேல்பக்கம் வைத்து சீலன்ட் போடுங்கள். டிரம்மில் துளையிடாமல் பட்டைவாரால் கட்டுங்கள், வாரம் ஒருமுறை இறுக்கம் பாருங்கள். ஒரே இடத்தில் கட்டி வைக்கும் மிதவைக்கு இது நல்லது. ஊர்ந்து சுற்றுவதற்கு ஏற்றதல்ல.

சாட்ஸ்வொர்த் வாசகி: குளிருக்கு பிராய் (இறைச்சி சுடும் கரியடுப்பு) தணலை அறைக்குள் வைக்கலாமா, அம்மா?

கூடவே கூடாது. தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; தூங்குபவர் எழாமலே போவார். சமையல் கேஸோ காற்றைவிடக் கனமானது, கசிந்தால் படகின் அடியில் தேங்கும். சிலிண்டரை அறைக்கு வெளியே, அடியில் நீர்ப்பக்கம் திறக்கும் துளையுள்ள பெட்டியில் வையுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரமும் ஒன்று படுக்கை அருகே வேண்டும்.

லெனேஷியா வாசகரின் பின்கேள்வி: அனுமதி?

படகின் தகுதிச் சான்றுக்கும் ஓட்டுபவரின் உரிமத்துக்கும் தென்னாப்பிரிக்க கடல்சார் பாதுகாப்பு ஆணையமான சாம்ஸாவின் விதிகள் அணைகளிலும் செல்லும். பலகை வாங்குவதற்கு முன்பே வரைபடத்தை, படகைச் சோதிக்கும் சர்வேயரிடம் காட்டுங்கள். நீர் நிரம்பினாலும் மூழ்காமல் மிதக்க எவ்வளவு ஃபோம் (மிதக்கும் நுரைப்பொருள்) வேண்டும் என்றும் கேளுங்கள். அரை கன மீட்டர் ஃபோம் ஏறக்குறைய 480 கிலோ தாங்கும். இருக்கைகளுக்கு அடியிலும் முனைகளிலும் அதற்கு இடம் ஒதுக்கிய பின்பே அலமாரிகளை வரையுங்கள்.