மீனவருக்கு எதற்குக் குதிரை?

கேள்வி: எங்கள் ஊர்க் கோயிலில் சந்தியாகப்பர், அதாவது இயேசுவின் சீடரான யாக்கோபு, கையில் வாளோடு வெள்ளைக் குதிரையில் இருக்கிறார். மறைக்கல்வி வகுப்புக்குப் போய்வந்த என் மகள், "யாக்கோபு வலையைச் சரிபண்ணிக்கொண்டிருந்த மீனவர்தானே, அவருக்கு ஏது குதிரை?" என்கிறாள். சாமியைக் குறை சொல்லாதே என்று அதட்டிவிட்டேன். அப்புறம் மனசு கேட்கவில்லை. அவளுக்கு என்ன சொல்ல?
- ஒரு தாய், ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: அதட்டியிருக்க வேண்டாம் அம்மா. இதே கேள்வியை 900 வருடங்களுக்கு முன்பே ஒருவர் கேட்டிருக்கிறார். அதுவும் அந்தக் கதைக்குள்ளேயே!

12-ஆம் நூற்றாண்டு ஸ்பானிய ஏடு ஒன்றில் வருகிறது. 1064-இல் பெர்னாண்டோ மன்னர் (நம் கடற்கரையில் தெருவுக்குத் தெரு கேட்கிற பெயர்தான்) இன்றைய போர்ச்சுகலில் இருக்கும் கோயிம்ப்ரா நகரை முற்றுகையிட்டிருந்தார். ஸ்பெயினில் இருக்கும் கொம்போஸ்தெலாவில், யாக்கோபின் கல்லறை இருப்பதாக நம்பப்படும் கோயிலில், சனங்கள் அவரைப் போர்வீரரே என்று கூப்பிட்டு வேண்டினார்கள். அங்கே வந்திருந்த கிரேக்க யாத்ரீகர் ஒருவருக்குப் பொறுக்கவில்லை. அவர் வீரரும் இல்லை, குதிரை ஏறியவரும் இல்லை என்று சொல்லிவிட்டார். அன்றிரவு யாக்கோபு கையில் சாவிகளோடு அவர்முன் வந்து நிற்கிறார். வாசலுக்கு ஒரு குதிரை வருகிறது. திறந்த கதவு வழியே அதன் வெண்மை கோயில் முழுக்க வெளிச்சமாகப் பரவுகிறது. அதில் ஏறி உட்கார்ந்து, "நாளைக்குக் கோயிம்ப்ராவைத் திறந்து கொடுக்கப் போகிறேன்" என்கிறார். நகரம் விழுந்தது நிஜம். மற்றது கதை, ஆனால் அழகான கதை.

வாள் வந்த வழி அவ்வளவு அழகில்லை. 844-இல் ஸ்பெயினில் கிளாவிகோ போரில் அவர் மூர்களை (அங்கிருந்த முஸ்லிம்களை அப்படித்தான் அழைத்தார்கள்) வெட்டிச் சாய்த்தாராம். அப்படி ஒரு போரே நடக்கவில்லை என்கிறார்கள் இன்றைய வரலாற்றாசிரியர்கள். அந்த வெற்றிக்கு நன்றியாகக் கொம்போஸ்தெலா கோயிலுக்கு வருடாவருடம் தானியமும் திராட்சை மதுவும் அளக்க வேண்டும் என்று 12-ஆம் நூற்றாண்டில் ஒரு சாசனம் தயாரானது. சாசனம் போலி, வரி மட்டும் அசல். அது ஒழிய 19-ஆம் நூற்றாண்டு ஆயிற்று.

யாக்கோபுக்கு ஸ்பானிய மொழியில் சாந்தியாகோ என்று பெயர். அந்தச் சாந்தியாகோதான் போர்த்துக்கீசியர் காலத்தில் இங்கே வந்து நமக்குச் சந்தியாகப்பர் ஆனார்.

மகளிடம் திருத்தூதர் பணிகள் 12-ஆம் அதிகாரத்தை எடுத்துக் காட்டுங்கள். ஏரோது அவரை வாளால் கொன்றான் என்றுதான் இருக்கிறது. அவர் வாளெடுத்ததாக பைபிளில் இல்லை. குதிரையின் காலடியில் யாராவது விழுந்து கிடக்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கிடந்தால், அடுத்த கேள்வி அவரைப் பற்றித்தான் வரும். அதற்கும் அதட்டிவிடாதீர்கள்.