239ஆவது ஃபார்முலா 1 ரேஸ்லதான் முதல் போடியம் (முதல் மூணு இடத்துல ஒண்ணு): நிக்கோ ஹுல்கன்பெர்க் உண்மையிலேயே நல்ல டிரைவரா, இல்ல ஓவரா பில்டப் கொடுக்கறாங்களா?

கேள்வி கேட்டவர் கீழ ரெண்டு வரி சேர்த்திருக்கார், நல்ல டிரைவர்னா எப்படி 15 வருஷம் ஒரு தடவைகூட முதல் மூணு இடத்துல வராம இருப்பாரு, சுமார் டிரைவர்னா எப்படி 15 வருஷமா எவனாவது ஒருத்தன் கூப்பிட்டு வேலை கொடுத்துக்கிட்டே இருப்பான்னு. நியாயமான கேள்விதான்.

என் பதில்: நல்ல டிரைவர், சந்தேகமே இல்ல. ஆனா "பாவம்ங்க, ராசியில்லாத மனுஷன்"னு அவரோட ஃபேன்ஸ் வருஷக்கணக்கா பாடற பாட்டை நான் முழுசா ஒத்துக்க மாட்டேன். பாதி விதி, பாதி அவரே கெடுத்துக்கிட்டது. ரெண்டையும் சொல்றேன்.

முதல்ல ஆள் யாருன்னு சுருக்கமா. ஜெர்மனில நெதர்லாந்து பார்டர ஒட்டி எம்மெரிக்னு ஒரு சின்ன ஊர், 1987ல அங்க பிறந்தவர், அப்பா லாரி டிரான்ஸ்போர்ட் பிசினஸ். பத்து வயசுல கார்ட்டிங். அதுக்கப்புறம் எந்த கிளாஸ்ல உட்கார வெச்சாலும் ஃபர்ஸ்ட் ரேங்க்தான்: 2005ல ஃபார்முலா பிஎம்டபிள்யூ சாம்பியன், ஏ1 ஜிபி சீரிஸ்ல ஜெர்மனிக்கு 2006-07 பட்டம், 2008ல ஃபார்முலா 3 யூரோ சீரிஸ், 2009ல ஜிபி2 (எஃப்1க்கு அடுத்த கீழ்ப்படி). அதுவும் ஜிபி2ல முதல் வருஷத்துலயே சாம்பியன், கடைசி ரவுண்டு வரைக்கும்கூட இழுக்கல. மேனேஜர் வேற வில்லி வெபர், மைக்கேல் ஷூமாக்கரை வளர்த்துவிட்ட அதே மனுஷன். அப்போ ஜெர்மன் பத்திரிகைக்காரங்க எப்படி எழுதியிருப்பாங்கன்னு நான் சொல்லணுமா.

2010ல வில்லியம்ஸ் டீம். ஒரு காலத்துல ராஜாவா இருந்த டீம், அந்த வருஷம் காஸ்வொர்த் எஞ்சினை வெச்சுக்கிட்டு நடு வரிசைல திண்டாடிட்டு இருந்தது. டீம்மேட் பாரிசெல்லோ, அனுபவஸ்தர், சீசன் முழுக்க பையனைவிட மேல. இப்படியே போய்ட்டிருக்கும்போதுதான் நவம்பர்ல பிரேசில், இன்டர்லாகோஸ். இதைக் கொஞ்சம் விலாவாரியா சொல்லியே ஆகணும். மழை பெஞ்சு டிராக் காஞ்சுட்டு வந்த குவாலிஃபையிங் (ரேஸ்ல யார் எந்த இடத்துலேர்ந்து ஸ்டார்ட்னு முடிவு பண்ற சனிக்கிழமை ஓட்டம்), கடைசி செஷன்ல எல்லாரும் காய்ஞ்ச டிராக்குக்கான வழவழ ஸ்லிக் டயருக்கு மாறிட்டாங்க, ஆனா ரேஸிங் லைனை விட்டு ஒரு சக்கரம் வெளில போச்சுன்னா ஈரம். இந்த மாதிரி நேரத்துல ஒவ்வொரு லேப்புக்கும் டிராக் இன்னும் காயும், அதனால கடைசியா லைனைக் கடக்கறவனுக்கு லாபம். ஹல்க் (ஹுல்கன்பெர்க்கோட செல்லப் பேர்) என்ன பண்ணார்னா டயரை சூடா வெச்சுக்கிட்டு நிக்காம அடுத்தடுத்து லேப் போட்டார், முதல்ல போட்டதே போல் பொசிஷனுக்கு, அதாவது முதல் இடத்துலேர்ந்து ஸ்டார்ட் பண்ண, போதும், அதுக்கப்புறம் இன்னொண்ணு போட்டார் பாருங்க, 1:14.470. ரெண்டாவது வந்த வெட்டல் 1:15.519. ஒரு செகண்டுக்கு மேல வித்தியாசம்! அந்த வருஷ சாம்பியன் கார் ரெட் புல், அதுல உட்கார்ந்திருந்தவர் வெட்டல், அவரை ஒரு ரூக்கி வில்லியம்ஸ்ல ஒரு செகண்ட் தள்ளி நிறுத்தறான். எஃப்1ல நூத்துல ஒரு பங்கு செகண்டுக்கு சண்டை போடுவாங்க. வில்லியம்ஸுக்கு அதுக்கு முன்னாடி வந்த போல் 2005ல நியூர்பர்க்ரிங்ல, அதுவும் இன்னொரு ஜெர்மன்காரர், நிக் ஹைட்ஃபெல்ட்.

மறுநாள் ரேஸ் காய்ஞ்ச டிராக்ல, கார் எங்க இருக்கணுமோ அங்க போய் நின்னுடுச்சு, எட்டாவது. அது பரவால்ல. சீசன் முடிஞ்ச கையோட வில்லியம்ஸ் அவரை அனுப்பிடுச்சு! பதிலா பாஸ்டர் மால்டொனாடோ, பின்னாடி வெனிசுலா அரசாங்க எண்ணெய் கம்பெனி காசு. மால்டொனாடோவும் ஜிபி2 சாம்பியன்தான், சும்மா வந்தவர்னு சொல்லிட முடியாது, 2012ல பார்சிலோனால அதே வில்லியம்ஸ்ல ஒரு ரேஸே ஜெயிச்சார். ஆனா போல் எடுத்த பையன் 2011 முழுக்க ஃபோர்ஸ் இந்தியால ரிசர்வ் டிரைவரா பிட் சுவத்துப் பக்கம் நின்னுட்டு இருந்தார். இது விதிக் கணக்குல சேர்த்துக்கோங்க.

2012ல ஃபோர்ஸ் இந்தியா சீட் கொடுத்தாங்க. நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு அவர் பேர் பரிச்சயம் ஆனதே அங்கதான், மல்லையா டீம், ஆரஞ்சு வெள்ளை பச்சைல கார். அந்த வருஷம் கடைசி ரேஸ் இன்டர்லாகோஸ், மறுபடி மழை, நமக்கு ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு. எல்லாரும் வெட்டலா அலோன்சோவான்னு பட்டத்தைப் பாத்துட்டு இருந்தாங்க, இந்தப் பக்கம் ஜென்சன் பட்டனும் ஹல்க்கும் மட்டும் தூறல்ல ஸ்லிக்கை மாத்தாம ஓட்டி மத்தவங்களை எங்கயோ விட்டுட்டுப் போய்ட்டாங்க, அதுல பட்டனையும் தாண்டி ஹல்க் முதல் இடம். ஃபோர்ஸ் இந்தியா லீட்ல! டிராக்ல கிடந்த குப்பையைப் பொறுக்கணும்னு எல்லாரையும் மெதுவா வரிசையா ஓட வைக்கற சேஃப்டி கார் விட்டாங்க, அத்தனை லீடும் போச்சு. சரி, இதுவும் விதி. ஆனா அதுக்கப்புறம் நடந்தது விதி இல்ல. ஒரு சின்ன சறுக்கல்ல ஹாமில்டன் முன்னாடி போய்ட்டார். சில லேப் கழிச்சு முதல் திருப்பத்துல திரும்பப் பிடிக்கப் பாத்தார், உள்பக்கம் ஈரம், பின் சக்கரம் நழுவி நேரா ஹாமில்டன் மேல. ஹாமில்டனுக்கு மெக்லாரன்ல கடைசி ரேஸ், அங்கயே முடிஞ்சது. ஹல்க்குக்கு டிரைவ் த்ரூ பெனால்டி (பிட் லேன் வழியா மெதுவா ஒரு தடவை போய்ட்டு வரணும்), அஞ்சாவது. ரெண்டாவதா போய்ட்டு இருந்த மனுஷன், இன்னும் பத்துப் பதினஞ்சு லேப் பொறுத்திருந்தா போடியம் கையில. ஜெயிக்கணும்னு போனார், அதைத் தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா கெட்டது அவர் கையாலதான்.

இதே மாதிரி இன்னும் ரெண்டு இருக்கு. 2017, அஜர்பைஜான்ல பாக்கு, ரேஸே களேபரம், கடைசில ஸ்ட்ரோல் வில்லியம்ஸ்ல மூணாவது வந்தார்னா பாத்துக்கோங்க எப்படிப்பட்ட ரேஸ்னு. ஹல்க் ரெனோல நல்ல இடத்துல இருந்தவர் உள்பக்கச் சுவத்துல உரசி ஸ்டியரிங்கை உடைச்சுக்கிட்டார். அப்புறம் 2019 ஹாக்கன்ஹைம், சொந்த நாட்டு ரேஸ், இதான் எனக்கு இன்னைக்கும் வயிறு எரியறது. அங்க கடைசித் திருப்பங்களுக்கு வெளில இருக்கறது நேர்கோட்டுல ஓட்டற டிராக் (drag) ரேஸ் நடத்தற தார்ப்பட்டை, மழை பட்டா எண்ணெய் ஊத்தின மாதிரி, கால் வெச்சா பிரேக்கும் கிடையாது ஸ்டியரிங்கும் கிடையாது. முதல்ல லெக்லேர் அங்க போய் சுவத்துல செருகினார், ஹாமில்டனும் வழுக்கி முன் விங்கை உடைச்சார். இவ்ளோ பாத்த பிறகும் நாலாவதா ஓடிட்டு இருந்த ஹல்க் அதே இடத்துல அதே மாதிரி போய் நின்னார். அன்னைக்கு மூணாவது வந்தது டோரோ ரோஸோல குவியாட். முன்னாடி இருந்த மெர்சிடஸ் ரெண்டும் பின்னாடி கெட்டுப்போச்சு, சும்மா கொண்டுபோய்ச் சேர்த்திருந்தாலே போதும். கைக்கு எட்டினது வாய்க்கு எட்டல.

பெரிய டீம் ஏன் எடுக்கலன்னு கேப்பீங்க. 2013ல சாபர்ல இருந்தார், சுமாரான காரை மோன்சால மூணாவது இடத்துல குவாலிஃபை பண்ணினார், கொரியால ஹாமில்டனை முதுகுக்குப் பின்னாடியே கட்டி வெச்சு நாலாவது வந்தார். ஃபெராரி பேச்சு அடிபட்டது, அவங்க ரைக்கோனனைக் கூட்டிட்டு வந்துட்டாங்க. மெக்லாரன் மாக்னுசனை எடுத்தாங்க. அப்போ பரவலா எழுதின ஒரு காரணம் அவரோட உயரம், 184 சென்டிமீட்டர். அந்தக் காலத்து ரூல்ல காரும் டிரைவரும் சேர்ந்துதான் மினிமம் வெயிட், 2014ல வந்த ஹைபிரிட் எஞ்சின் ஏற்கனவே குண்டு, அதனால டிரைவர்ல நாலஞ்சு கிலோ கூடுதல்னா நேரா லேப் டைம்ல தெரியும். இப்போ டிரைவருக்கும் சீட்டுக்கும் தனியா 2019லேர்ந்து ஒரு மினிமம் வெச்சுட்டாங்க. அஞ்சு வருஷம் முன்னாடியே வெச்சிருந்தா இவர் கதையே வேறன்னு நான் நினைக்கறேன், நிரூபிக்கல்லாம் முடியாது.

திரும்ப ஃபோர்ஸ் இந்தியா. அங்க டீம்மேட் பெரெஸ், மெக்லாரன்லேர்ந்து கழட்டிவிடப்பட்டு வந்தவர். மூணு வருஷம் சேர்ந்து ஓட்டினாங்க, 2014ல ஹல்க் 96 பாயிண்ட், பெரெஸ் 59, அடுத்த ரெண்டு வருஷம் பெரெஸ் மேல. ஆனா போடியம் கணக்கு எடுத்தா பெரெஸ் நாலு, இவர் சைபர். அதே கார்ங்க! அதனாலதான் சொல்றேன், வெறும் ராசின்னு விட்டுட முடியாது. பெரெஸுக்கு டயரைப் பத்திரமா வெச்சுக்கற கை, எல்லாரும் தடுமாறற ஞாயித்துக்கிழமைல கமுக்கமா மேல வந்துடுவார். ஹல்க்கோட பலம் சனிக்கிழமை, ஒத்தை லேப். போடியம் கொடுக்கறது ஞாயித்துக்கிழமைதானே.

ஆனா அந்த காலகட்டத்துலதான் அவர் வாழ்க்கைலயே பெரிய வெற்றி, எஃப்1 மட்டும் பாக்கறவங்களுக்கு இது தெரியாது. 2015 ஜூன், ஒரு ஞாயிறு கனடா கிராண்ட் பிரீ, அடுத்த ஞாயிறு லு மான் 24 மணி நேர ரேஸ், அதுக்கடுத்த ஞாயிறு ஆஸ்திரியா. நடுவுல இருந்த வாரத்துல போர்ஷே 919 ஹைபிரிட்ல ஏர்ல் பாம்பர், நிக் டாண்டி கூட உட்கார்ந்து ஜெயிச்சுட்டு வந்துட்டார். 19ஆம் நம்பர் கார், போர்ஷே கூடுதலா இறக்கின மூணாவது கார், டிரைவர் மார்க் வெபர் (Webber) இருந்த 17ஆம் நம்பர் கார் ரெண்டாவது. 395 லேப். லு மான்ல அவருக்கு அதான் முதல் தடவை. எஃப்1ல ஓட்டிட்டு இருக்கும்போதே லு மான் ஜெயிச்சது 1991க்கு அப்புறம் இவர்தான். சரி, அடுத்த வருஷம் போய் பட்டத்தைக் காப்பாத்தலாம்னா அதே வாரக்கடைசில பாக்குல எஃப்1 வெச்சுட்டாங்க, போக முடியல. அந்த பாக்கு ரேஸ்ல மூணாவது வந்தது யாரு? பெரெஸ். இவர் ஒன்பதாவது.

ரெனோ மூணு வருஷம், 2018ல பெரிய மூணு டீமுக்குக் கீழ முதல் ஆள், சாம்பியன்ஷிப்ல ஏழாவது. இதுக்கு நடுவுல 2017 சிங்கப்பூர்ல போடியமே இல்லாம அதிக ரேஸ் ஓடினவர்ங்கற சாதனையை இன்னொரு ஜெர்மன்காரர் சூட்டில்கிட்டேர்ந்து வாங்கிக்கிட்டார், 128ஐத் தாண்டி. அன்னைக்கும் நாலாவது இடம் வரைக்கும் வந்து கார் ரிப்பேர். அதே வருஷம் ஹங்கேரில டிவி பேட்டிக்கு நடுவுல போய் மாக்னுசனைத் திட்டினதும், அவர் திரும்பிச் சொன்ன அச்சில ஏத்த முடியாத பதிலும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2022ல பஹ்ரைன்ல பாத்தப்போ ஹல்க் அதே வார்த்தையைச் சொல்லித்தான் மாக்னுசனுக்கு வணக்கம் வெச்சாராம், 2023ல ரெண்டு பேரும் ஹாஸ்ல டீம்மேட், அஞ்சு பைசா பிரச்சனை இல்ல.

2019 முடிஞ்சு சீட் போச்சு, ஓகான் வந்தார். சாதாரணமா 32 வயசுல இதோட கதை முடியும். 2020ல கொரோனா. இங்கிலாந்துல சில்வர்ஸ்டோன் ரேஸுக்கு முன்னாடி பெரெஸுக்கு பாசிட்டிவ், ஹல்க் ஏதோ ஜிடி கார் டெஸ்டுக்குப் போய்ட்டு இருந்தவரை ரேஸிங் பாயிண்ட் கூப்பிட்டாங்க, வந்தார், ரேஸ் அன்னைக்கு கிளட்ச்ல போல்ட் உடைஞ்சு காரே ஸ்டார்ட் ஆகல. இதெல்லாம் எங்க போய்ச் சொல்றது! அடுத்த வாரம் அதே டிராக்ல மூணாவதா குவாலிஃபை, ஏழாவது முடிச்சார். அக்டோபர்ல நியூர்பர்க்ரிங்ல ஸ்ட்ரோலுக்கு உடம்பு சரியில்ல, சனிக்கிழமை காலைல ஃபோன், ஹல்க் பக்கத்துல கொலோன்ல ஃபிரண்டு கூட காபி குடிக்கக் கிளம்பிட்டு இருந்தாராம். பிராக்டிஸ் ஒரு லேப்கூட இல்லாம நேரா குவாலிஃபையிங், கடைசி இடம், மறுநாள் எட்டாவது. உங்க ரெண்டாவது கேள்விக்கு, அதான் ஏன் வேலை கொடுத்துக்கிட்டே இருக்காங்கங்கறதுக்கு, பதில் இங்கதான் இருக்கு. புதுக் கார்ல ஏறி அரை நாள்ல அதோட எல்லைக்குப் பக்கத்துல ஓட்ட அந்த நேரத்துல இவரை விட்டா யாரும் கிடைக்கல. இதை வெச்சுத்தான் 2022ல ஆஸ்டன் மார்ட்டின்ல வெட்டலுக்குப் பதிலா ரெண்டு ரேஸ், 2023ல ஹாஸ்ல முழு சீட்டு, மிக் ஷூமாக்கர் இருந்த இடம். 2024ல ஆஸ்திரியாலயும் சில்வர்ஸ்டோன்லயும் ஆறாவது.

அப்புறம் 2025 ஜூலை 6, சில்வர்ஸ்டோன். சாபர். 19ஆவது இடத்துலேர்ந்து ஸ்டார்ட். ரசல், லெக்லேர் மாதிரி ஆளுங்கல்லாம் டிராக் காயுதுன்னு ஆரம்பத்துலயே ஸ்லிக் மாத்தி மாட்டிக்கிட்டாங்க, ஹல்க்கோட டீம்மேட் போர்டொலெட்டோவும் ஸ்லிக்ல போய் சீக்கிரமே வெளில. ஹல்க் லேசான ஈரத்துக்கான இன்டர்மீடியட் டயர்லயே இருந்தார். மழை திரும்பக் கொட்டறதுக்குக் கொஞ்சம் முன்னாடி பிட்டுக்குள்ள வந்து புது இன்டர்மீடியட் போட்டுக்கிட்டார், மத்தவங்க தடவிட்டு இருக்கும்போது மள மளன்னு மேல. ஸ்ட்ரோலைத் தாண்டி மூணாவது. பின்னாடி யார் வர்றா? ஹாமில்டன், ஃபெராரில, சொந்த மண்ணு, அந்த டிராக்ல வருஷா வருஷம் போடியம் ஏறினவர். கடைசியா ஸ்லிக் மாத்தற நேரம், ஹாமில்டன் அவசரப்பட்டு முதல்ல உள்ள போனார், ஹல்க் ஒரு லேப் கழிச்சு. ஈரத்துல ஸ்லிக்கோட ஹாமில்டன் தடுமாற, இவர் வெளில வரும்போது இடைவெளி இன்னும் ஜாஸ்தி. கடைசில அஞ்சு செகண்ட் வித்தியாசத்துல மூணாவது. நாரிஸ், பியாஸ்ட்ரி, ஹுல்கன்பெர்க். சாபருக்கு 2012 ஜப்பான்ல கோபயாஷிக்கு அப்புறம் முதல் போடியம். கோப்பைகூட அந்த வருஷம் லெகோல செஞ்சது!

கவனிச்சீங்கன்னா இன்டர்லாகோஸ் 2010, 2012, ஹாக்கன்ஹைம், சில்வர்ஸ்டோன் எல்லாமே பாதி ஈரம் பாதி காய்ஞ்ச டிராக். அவரோட பெஸ்டும் அங்கதான், வொர்ஸ்டும் அங்கதான். வித்தியாசம் என்னன்னா 2012ல ஹாமில்டனைப் பிடிக்கணும்னு பாய்ஞ்சவர், 2025ல ஹாமில்டன் என்ன பண்றார்னு ஒரு லேப் வெயிட் பண்ணிப் பாத்தார்.

2026லேர்ந்து அந்த சாபர் டீம் ஆடி (Audi) ஆயிடுச்சு, ஜெர்மன் கம்பெனிக்கு ஜெர்மன் டிரைவர். கூட இருக்கற போர்டொலெட்டோ 2004ல பிறந்த பையன், ஹல்க் கார்ட்டிங் ஆரம்பிச்சப்போ அவர் பிறக்கவே இல்ல. நேரம் இருந்தா யூடியூப்ல 2010 போல் லேப்போட ஆன்போர்டைத் தேடிப் பாருங்க, ஒன்றரை நிமிஷம்கூட ஆகாது.