குரோம் சில்லும் வீதி உப்பும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: சென்ற கோடையில் பழைய பிக்கப் ஒன்றை வாங்கினேன். நான்கு சில்லுகளும் குரோம். முகம் பார்க்கலாம் போல மின்னின. குளிர்காலம் பாதி கழிவதற்குள் நட்டு ஓட்டைகளைச் சுற்றி வெள்ளைப் பொட்டுகள் விழுந்து, ஒரு சில்லில் குரோம் கொப்புளமாகப் பொங்கியும் விட்டது. வாரம் தவறாமல் துடைத்து மினுக்கியவன் நான். அப்படியிருந்தும் இது எப்படி வந்தது?
— வாசகர், ஸ்காபரோ

பதில்: நீங்கள் துடைத்தது சில்லின் முகப்பை, பனியை உருக்கக் கனடிய வீதிகளில் போடும் உப்பு தங்கியிருந்ததோ அதன் உட்புறத்திலும் நட்டுக் குழிகளிலும். குரோம் சில்லு என்பது முழுவதும் குரோமியத்தால் ஆனது அன்று. அலுமினியத்தாலோ உருக்காலோ செய்த சில்லின்மேல் நிக்கலைப் படியவைத்து, அதற்கும் மேலே குரோமியத்தை மின்முலாமாக ஏற்றுகிறார்கள். அந்த மேற்படலத்தின் தடிப்பு ஒரு மைக்ரோமீற்றருக்கும் குறைவு. தலைமயிர் ஒன்றே ஏறத்தாழ 70 மைக்ரோமீற்றர் தடிப்புள்ளது என்றால், நாம் காசு கொடுத்து வாங்கும் பளபளப்பு எவ்வளவு மெல்லியது என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் படலத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்வெடிப்புகள் இயல்பாகவே உண்டு. உப்புநீரிலுள்ள குளோரைட்டு அவற்றினூடே இறங்கி முதலில் நிக்கலை அரிக்கும். நிக்கலையும் துளைத்துக்கொண்டு அலுமினியத்தை எட்டியதும், அங்கே வெள்ளை மாவு போன்ற அரிப்புப் பொருள் உண்டாகி, இருக்க இடம் போதாமல் மேலேயுள்ள முலாமைத் தூக்கிவிடும். உங்கள் கொப்புளம் அதுதான். உருக்குச் சில்லாக இருந்தால் வெள்ளைக்குப் பதிலாகச் செந்துரு கசிந்திருக்கும். நட்டு ஓட்டைகளில் இது முதலில் தொடங்குவதற்கும் காரணம் உண்டு: குழிவான இடங்களில் முலாம் மேடான இடங்களைப் போல நன்றாகப் பிடிப்பதில்லை, போதாக்குறைக்கு, ஒவ்வொரு முறை நட்டை முறுக்கும்போதும் அந்த விளிம்பு நசுங்குகிறது.

பொங்கிய இடத்தை எந்தக் களிம்பாலும் திரும்ப ஒட்டவைக்க முடியாது. பழைய முலாம் முழுவதையும் அகற்றி மறுபடி ஏற்றலாம்; ஆனால் ஒற்றைச் சில்லுக்கு அந்தச் செலவு செய்வதைவிட, நல்ல நிலையிலுள்ள பழைய சில்லொன்றைத் தேடி வாங்குவதே பெரும்பாலும் மலிவு. மற்ற மூன்றையும் காப்பாற்றப் பாருங்கள்.

கேள்வி: பூச்சியத்துக்குக் கீழே 15 பாகைக் குளிரிலும் வாரம் ஒருமுறை காரைக் கழுவுகிறேன். அது சரிதானா?
— வாசகர், பிரம்டன்

பதில்: நோக்கம் சரி, நாள்தான் சரியில்லை. அந்தக் குளிரில் தண்ணீர் நட்டுகளிலும் கதவு ரப்பரிலும் பூட்டுகளிலும் உறைந்து வேறு தொல்லை தரும். தவிரவும், அரிப்பு ஒரு வேதியியல் வேலை. கடுங்குளிரில் அது சோம்பிக் கிடக்கும். வெப்பநிலை பூச்சியத்தைத் தாண்டி, வீதியோரப் பனி உருகி ஓடும் நாளில்தான் உப்பு தன் முழு வேகத்தையும் காட்டுகிறது. அதுவே கழுவுவதற்கும் உகந்த நாள்.

இதைவிட மோசமான இடம், பலரும் பாதுகாப்பு என்று நம்பும் வெதுவெதுப்பான நிலக்கீழ்த் தரிப்பிடம். இரவில் காரை நிறுத்தும்போது சில்லின் கீழே தேங்கும் அழுக்கு நீர், காலையில் காய்ந்து சிமெந்துத் தரையில் வெள்ளை வளையமாகத் தெரிவதைக் கண்டிருப்பீர்கள். அதே நீர்தான் இரவு முழுவதும் சில்லின் உட்குடத்திலும், அதாவது ரயரைத் தாங்கும் வளையத்தின் உட்பக்கத்திலும், நின்றது. வெளியே உறைந்து கிடக்க வேண்டிய உப்பை நாமே உள்ளே கொண்டுவந்து சூடேற்றி வேலை செய்ய விடுகிறோம்.

வீதியில் போடப்படுவது எல்லாம் ஒரே உப்பு அன்று. சாதாரண உப்பு பூச்சியத்துக்குக் கீழே 10 பாகையை நெருங்கும்போது பனியை உருக்கும் வேகத்தை இழந்துவிடுவதால், கடுங்குளிரில் கல்சியம் குளோரைட்டு, மக்னீசியம் குளோரைட்டு ஆகியவற்றின் கரைசலையும் சேர்த்துப் போடுவதுண்டு. இவை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும் குணமுள்ளவை. மாரி காலத்தில் உப்புச் சட்டியில் கல்லுப்பு கசிந்து ஊறுவதை ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனையிறவு உப்பானாலும் வேறு கடலுப்பானாலும், அந்தக் கசிவுக்குக் காரணம் அதில் ஒட்டியிருக்கும் மக்னீசியம் குளோரைட்டுத்தான். இங்கே அதே பொருள் உங்கள் சில்லில் ஒட்டியிருக்கிறது. வீதி காய்ந்துவிட்டது, இனிக் கழுவத் தேவையில்லை என்ற கணக்கு அதனால்தான் தவறிப்போகிறது.

கழுவும் முறை: நீங்களே குழாயைப் பிடித்துக் கழுவும் நிலையத்துக்குப் போங்கள். நெடுஞ்சாலையில் ஓடிவந்த சூட்டோடு பிறேக் தட்டில் குளிர்நீரைப் பாய்ச்ச வேண்டாம், சற்று ஆறட்டும். பிறகு ஆரைகளின் இடைவெளியினூடே உட்குடத்தை நோக்கி நீரைப் பாய்ச்சுங்கள். பிறேக் பிடிப்பான் மறைத்துக்கொண்டிருக்கும் பகுதி நனையாது. ஆகவே வண்டியை அரைச் சுற்று முன்னே நகர்த்தி, நான்கு சில்லுகளுக்கும் இன்னொரு தரம் பாய்ச்ச வேண்டும். பத்துப் பேரில் ஒன்பது பேர் இதைச் செய்வதில்லை என்பது என் அனுமானம். சவர்க்காரம் மென்மையான கார் ஷாம்புவாக இருக்கட்டும். அமிலம் கலந்த சில்லுத் துப்புரவுத் திரவங்களைக் குரோமின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். புறப்பட்டதும் சிறிது தூரம் பிறேக்கை மெல்ல மெல்ல அழுத்தி ஓட்டினால் அங்குள்ள ஈரம் காய்ந்துவிடும்.

கேள்வி: தேங்காய் எண்ணெய் பூசினால் உப்பு ஒட்டாது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள். பூசலாமா?
— வாசகி, மார்க்கம்

பதில்: வேண்டாம், அம்மா. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழேயே உறையத் தொடங்கும். கார்த்திகை மாதத்துக் குளிரில் அது வெண்மெழுகாக நின்று மண்ணையும் பிறேக் தூளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். தவறிப் பிறேக் தட்டில் பட்டால் அழகு போவது மட்டுமல்ல, வண்டி நிற்காமலும் போகலாம். பழைய என்ஜின் எண்ணெய் பூசுவோருக்கும் இதே பதில்.

பெரியவர்களின் எண்ணம் பிழையன்று; உலோகத்துக்கும் உப்புக்கும் இடையே ஒரு திரை வேண்டும் என்பது சரியே. அந்தத் திரைக்குக் கார் மெழுகோ, அதைவிட நெடுநாள் நிற்கும் செயற்கைப் பொலிமர் பூச்சோ வாங்குங்கள். ஒக்ரோபரில், வெப்பநிலை 10 பாகைக்கு மேலிருக்கும் ஒரு நாளில், சில்லைக் கழற்றி உட்புறம், நட்டுக் குழிகள், ஆரைகளின் பின்புறம் எல்லாவற்றையும் கழுவி, முற்றாக உலர்த்திய பின்னர் இரண்டு பூச்சுப் பூசுங்கள். உப்பின்மேல் பூசிய மெழுகு உப்பை உள்ளே பூட்டிவைக்குமே தவிரக் காக்காது. சிறு துருப்புள்ளிகள் மட்டும் இருந்தால், சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி நீரில் தோய்த்து மெல்லத் தேய்க்கப் போய்விடும். ஆனால் குரோம் போலத் தோன்றினும் மேலே தெளிவான பூச்சு அடித்த சில்லுகள் உண்டு; அவற்றில் இதைச் செய்தால் கீறல் விழும்.

கேள்வி: ஒரு சில்லில் மட்டும் நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறை காற்று குறைகிறது. ரயரில் ஆணி எதுவும் இல்லை என்கிறார்கள்.
— வாசகர், ஏஜக்ஸ்

பதில்: குரோம் சில்லானால், ரயரின் உதடு ரிம்மில் பதியும் வளையத்தைச் சந்தேகியுங்கள். அந்த விளிம்பினூடே உப்புநீர் புகுந்து முலாம் உரிந்தால், தாள் போன்ற செதில்களுக்கு இடையால் காற்று கசியும். சவர்க்கார நீரைத் தூரிகையால் விளிம்பைச் சுற்றித் தடவுங்கள். மணிமணியாகக் குமிழி வரும் இடமே குற்றவாளி. ரயரைக் கழற்றி, உரிந்த செதில்களைச் சுரண்டித் துப்புரவாக்கி, விளிம்புப் பசை பூசி மீண்டும் ஏற்றினால் சில காலம் தாங்கும். உரிவு வளையம் முழுவதும் பரவியிருந்தால் சில்லை மாற்றுவதே நல்லது. ரயர் ஏற்றும்போது, சமநிலைக்கு வைக்கும் எடைக் கட்டிகளை விளிம்பில் அடித்துக் கவ்வ வைக்காமல், உட்புறத்தில் ஒட்டும் வகையை வைக்கச் சொல்லுங்கள். கவ்வி கீறிய இடத்தில்தான் அடுத்த கொப்புளம் கிளம்பும்.

கேள்வி: குளிர்கால ரயரைக் குரோம் ரிம்மிலேயே ஏற்றலாமா, தனி ரிம் வாங்க வேண்டுமா?
— வாசகர், மொன்றியல்

பதில்: தனி ரிம். இதுவரை சொன்ன கழுவலும் பூச்சும், குளிர்காலத்திலும் குரோம் சில்லிலேயே ஓட வேண்டியவர்களுக்கு. உங்கள் கியூபெக் மாகாணத்தில் டிசெம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால ரயர் கட்டாயம். மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் பொறித்த சின்னம் அதில் இருக்க வேண்டும். எப்படியும் ரயர் வாங்கத்தான் போகிறீர்கள். அதைக் கறுப்பு நிற இரும்பு ரிம்மில் நிரந்தரமாக ஏற்றிவிட்டால், ஆண்டுக்கு இருமுறை ரயரைக் கழற்றி மாட்டும் கூலியும் மிஞ்சும், குரோம் விளிம்பும் கீறுப்படாது. 1997–98 குளிர்காலத்தில் மட்டும் கனடிய வீதிகளில் ஏறத்தாழ 47.5 இலட்சம் தொன் உப்புப் போடப்பட்டதாக மத்திய அரசின் மதிப்பீடு ஒன்று சொல்கிறது. அவ்வளவு உப்போடு ஒரு மைக்ரோமீற்றர் முலாமை மோதவிடுவது எனக்கு வீண்வேலையாகவே படுகிறது.

இரும்பு ரிம்முக்குப் பழைய நட்டுகள் பொருந்துமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அமரும் வடிவம் வேறாக இருக்கலாம். மாற்றிய பின் 100 கிலோமீற்றருக்குள் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். கழற்றிய குரோம் சில்லுகளை உட்புறம் உட்படக் கழுவி, ஓரிரு நாள் உலரவிட்டு, ஈரமில்லாத இடத்தில் படுக்கையாக அடுக்கிவையுங்கள். ஈரத்தோடு பிளாஸ்திக் பையில் கட்டிவைப்பது, மழையில் விடுவதைவிடக் கேடு. மார்ச் 16 விடிந்ததும் மாற்ற ஓட வேண்டாம். நடைபாதைக் கல்லோரம் வெள்ளைத் தூள் மறையும்வரை இரும்பு ரிம்மே ஓடட்டும். ஏப்ரலில் இரண்டு மூன்று நல்ல மழை வீதியைக் கழுவிய பிறகு குரோமை மாட்டுங்கள்.