6 வயது மகனுக்கு வீட்டிலேயே எயர்சொஃப்ட் துப்பாக்கி செய்யலாமா?

கேள்வி: நாங்கள் இலண்டன் ஹரோ பகுதியில் வசிக்கிறோம். என் மூத்த மகனுக்கு 17 வயது. அவன் எயர்சொஃப்ட் (சிறு பிளாஸ்டிக் உருண்டைகளைச் சுடும் போலித் துப்பாக்கிகளால் ஆடும்) விளையாட்டுக்குப் போய் வருகிறான். 6 வயதான இளையவன், அண்ணனைப் போல் தனக்கும் ஒரு துவக்கு வேண்டுமென்று அடம்பிடிக்கிறான். கடையில் கிடைப்பவை அவன் கைக்குப் பாரமானவை, வேகமும் அதிகம். பழைய எயர்சொஃப்ட் கைத்துப்பாக்கி ஒன்றின் குழலையும் மெல்லிய சுருள்வில் ஒன்றையும் வைத்து, உடற்பகுதியை முப்பரிமாண அச்சுப்பொறியில் செய்து, பாரம் குறைந்த ஒன்றை நானே செய்து கொடுக்க எண்ணியுள்ளேன். அண்ணனுடையதைப் போலவே கறுப்பாக வேண்டும் என்கிறான். இதற்கு அனுமதிப்பத்திரம் தேவையா? அயல்வீட்டுப் பிள்ளைக்குக் காயம் ஏற்பட்டால் பொறுப்பு யாருடையது?

பதில்: அன்புடையீர், நீங்கள் விவரிக்கும் பொருளுக்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லை. ஆனால் அதைக் கறுப்பு நிறத்தில், உண்மைத் துப்பாக்கியின் வடிவில் செய்தால், அது வீட்டை விட்டு ஒருநாளும் வெளியே போகாவிட்டாலும், செய்த செயலே குற்றமாகிவிடும். வேகம் குறைவு, பிள்ளைக்காகச் செய்தது என்ற இரண்டு காரணங்களும் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து உங்களைக் காப்பாற்றமாட்டா.

வேகத்தைப் பற்றிய சட்டம் உங்களுக்குப் பெரிய சிக்கலைத் தராது. 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிகள் சட்டப்படி, குழலின் வாயில் 1 ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றலுடன் எறிபொருளை வெளியேற்றக்கூடிய ஆயுதமே உயிராபத்து விளைவிக்கும் குழல் ஆயுதம் எனக் கொள்ளப்படுகிறது. 2017 மே மாதம் நடைமுறைக்கு வந்த திருத்தம், 8 மில்லிமீற்றருக்கு மேற்படாத பிளாஸ்டிக் உருண்டைகளை மட்டும் சுடுவதற்கென வடிவமைக்கப்பட்ட எயர்சொஃப்ட் துப்பாக்கிகளுக்கு விலக்களித்து, ஒவ்வொன்றாகச் சுடுபவற்றுக்கு 2.5 ஜூல் என்றும் தொடர்ச்சியாகச் சுடக்கூடியவற்றுக்கு 1.3 ஜூல் என்றும் எல்லை வகுத்தது. 0.20 கிராம் எடையுள்ள உருண்டை 1 ஜூலை எட்ட வேண்டுமானால் வினாடிக்கு 100 மீற்றர் வேகத்தில் புறப்பட வேண்டும். வினாடிக்கு 40 மீற்றரில் புறப்பட்டால் அதன் ஆற்றல் 0.16 ஜூல் மட்டுமே. மெல்லிய சுருள்வில்லைப் பயன்படுத்தினால் நீங்கள் இந்த எல்லைகளுக்கு வெகு கீழே நிற்பீர்கள். ஆயினும் ஊகத்தை நம்ப வேண்டாம். உங்கள் மூத்த மகன் போகும் விளையாட்டுத் திடலில் வேகமானி இருக்கும். அங்குள்ளவர்களிடம் முன்கூட்டியே கேட்டு, அதில் அளந்து, திகதியுடன் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உருக்கு உருண்டைகளுக்கு ஏற்றவாறு எதையும் அமைக்கவே வேண்டாம். அப்படி அமைத்து ஆற்றலும் 1 ஜூலைத் தாண்டினால், அது எயர்சொஃப்ட் விலக்கை இழந்து காற்றழுத்த ஆயுதமாகிவிடும். அதை 18 வயதுக்குட்பட்ட ஒருவருக்குப் பரிசாகக் கொடுப்பதே தனிக் குற்றம்.

உங்களைச் சிக்கவைக்கக்கூடியது 2006ஆம் ஆண்டின் வன்முறைக் குற்றங்கள் குறைப்புச் சட்டத்தின் 36ஆம் பிரிவாகும். உண்மையானதைப் போன்று தோன்றும் போலித் துப்பாக்கியைச் செய்வதும், விற்பதும், நாட்டுக்குள் கொண்டுவருவதும், ஏற்கனவே உள்ள ஒரு போலித் துப்பாக்கியை அவ்வாறு தோன்றும்படி மாற்றுவதும் அந்தப் பிரிவின்கீழ் குற்றங்களாகும். நீதவான் நீதிமன்றத்தில் சிறைத்தண்டனையோ அபராதமோ விதிக்கப்படலாம். சாதாரண மனிதர் ஒருவர் பார்வையால் பிரித்தறிய முடியாதிருக்கிறதா என்பதே அளவுகோல். கையில் எடுத்துக் கிட்டத்தில் ஆராய்ந்தால்தான் தெரியும், நிபுணருக்குத்தான் புரியும், சுட்டுப் பார்த்தால்தான் விளங்கும் என்ற வாதங்களைச் சட்டம் ஏற்பதில்லை. ஆகவே கையில் எடுத்தால் இறகுபோல் இருக்கும், அதிலேயே பொய்த் துப்பாக்கி என்று தெரிந்துவிடும் என்ற விளக்கமும் பயன்படாது.

அதே சட்டம் தப்பும் வழியையும் தெளிவாகச் சொல்கிறது. அளவு, வடிவம், முதன்மை நிறம் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று உண்மைத் துப்பாக்கிக்குப் பொருந்தாததாக இருந்தால், அது போலி என்று பிரித்தறியக்கூடியதாகக் கொள்ளப்படும். உயரம் 38 மில்லிமீற்றருக்கும் நீளம் 70 மில்லிமீற்றருக்கும் குறைந்தவையே அளவால் பொருந்தாதவை என்று 2007ஆம் ஆண்டின் விதிகள் கூறுவதால், சிறுவனின் கைக்கு ஏற்பச் சிறிதாகச் செய்தேன் என்பதால் மட்டும் நீங்கள் தப்ப முடியாது; அத்தனை சிறிய பொருளால் அவனுக்கும் பயனில்லை. எனவே நிறத்தையே பற்றிக்கொள்ளுங்கள். பளிச்சென்ற சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு, ஊதா, நீலம் ஆகிய நிறங்களையும், ஒளி ஊடுருவும் உடற்பகுதியையும் விதிகள் ஏற்கின்றன. நீங்கள் அச்சுப்பொறியைப் பயன்படுத்துவது இங்கே நல்ல வாய்ப்பு: அச்சுப்பொறிக்கான பிளாஸ்டிக் இழையையே பளிச்சென்ற மஞ்சளில் வாங்கிவிட்டால் நிறம் பொருளுக்குள்ளேயே இருக்கும், சுரண்டினாலும் போகாது. மேலே பூசும் வர்ணம் சில மாதங்களில் உரிந்து, கீழிருக்கும் கறுப்பு வெளித்தெரியத் தொடங்கும். கடைக்காரர்கள் உடற்பகுதியில் பாதிக்கு மேல் பளிச்சென்ற நிறம் இருக்குமாறு விற்பது வழக்கம். நீங்கள் முழுவதையும் ஒரே நிறத்தில் செய்யுங்கள். கூடவே, ஏதேனும் ஒரு உண்மையான மாதிரியைப் பின்பற்றாமல், விண்வெளிக் கதைகளில் வரும் கருவிபோல வடிவத்தையும் மாற்றிவிட்டால் வாதத்துக்கே இடமிராது.

குழலின் நுனியில் மட்டும் செம்மஞ்சள் வளையம் வைத்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அது அமெரிக்க நடைமுறை. இங்கே நுனி நிறம் முதன்மை நிறமாகாது. அமெரிக்காவிலும் அது எவ்வளவு பலவீனமான பாதுகாப்பு என்பதை 2014 நவம்பரில் ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாண்ட் நகரில் நடந்த துயரம் காட்டியது. நுனி வளையம் நீக்கப்பட்டிருந்த எயர்சொஃப்ட் கைத்துப்பாக்கி ஒன்றை வைத்திருந்த டமீர் ரைஸ் என்ற 12 வயதுச் சிறுவன், பொலிஸ் வாகனம் வந்து நின்ற சில நொடிகளுக்குள் சுடப்பட்டு, மறுநாள் இறந்தான். கறுப்பு வேண்டும் என்று இளையவன் எவ்வளவு அழுதாலும் இந்த ஒரு விடயத்தில் நீங்கள் இணங்கக் கூடாது.

எயர்சொஃப்ட் விளையாட்டில் ஈடுபடுவோருக்கு இந்தச் சட்டத்தில் ஒரு பாதுகாப்பு உண்டே என்று உங்கள் மூத்த மகன் சொல்லக்கூடும். உண்டு; ஆனால் அது மூன்றாந்தரப்புக் காப்புறுதியுடன் நடத்தப்படும் ஒழுங்கான விளையாட்டுகளுக்காக ஏற்பட்டது. வீட்டுப் பின்வளவில் விளையாடும் 6 வயதுச் சிறுவனுக்காகச் செய்யப்பட்ட பொருள் அதற்குள் வராது. போலித் துப்பாக்கியை 18 வயதுக்குட்பட்டவருக்கு விற்பதும், அவர் தாமே வாங்குவதும் குற்றங்கள் என்பதை மூத்தவனும் அறிந்திருக்கட்டும். பெற்றோர் பரிசாகக் கொடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. நண்பர்களின் பிள்ளைகளுக்கும் செய்து விற்கும் எண்ணம் பிறந்தால், அது வேறு சட்டங்களுக்குள் இழுத்துச் செல்லும், அதைத் தவிர்த்துவிடுங்கள்.

பளிச்சென்ற மஞ்சளாக இருந்தாலும் அது போலித் துப்பாக்கிதான் என்பதால், தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் கொண்டு செல்வது 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவை மீறக்கூடும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10 வயதுக்குட்பட்ட பிள்ளைமீது குற்ற வழக்குத் தொடர முடியாது. கேள்விகள் உங்களிடம்தான் வரும். பூங்கா, பாடசாலை, கோயில், உறவினர் வீட்டுக்குப் போகும் பேருந்து எதற்கும் அது போகக் கூடாது.

இனி நட்டஈட்டுக்கு வருவோம். பிள்ளை செய்த தவறுக்காக மட்டும் பெற்றோரைப் பொறுப்பாளியாக்கும் பொதுவிதி ஆங்கிலச் சட்டத்தில் இல்லை. ஆனால் ஆபத்தான பொருளைக் கொடுத்ததிலோ, மேற்பார்வையிலோ பெற்றோரே கவனயீனமாக இருந்திருந்தால், அந்தக் கவனயீனத்துக்காக அவர்மீது வழக்குத் தொடரலாம். 1916இல் தீர்க்கப்பட்ட ஒரு வழக்கில், 15 வயது மகன் காற்றுத் துப்பாக்கியால் அயலவரின் யன்னலை உடைத்ததாக முறைப்பாடு வந்த பின்னரும் தந்தை அதை அவனிடமே விட்டுவைத்தார்; அவன் பின்னர் இன்னொரு சிறுவனின் கண்ணைக் காயப்படுத்தியபோது தந்தை பொறுப்பாளியானார். 1952இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த வழக்கிலோ, நிலவறையில் மட்டுமே சுட வேண்டும் என்று தந்தை கட்டளையிட்டிருந்தார். 13 வயது மகனும் அதுவரை சொற்கேட்டு நடப்பவனாகவே இருந்தான். அவன் வெளியே சுட்டு ஒரு குழந்தை காயமடைந்தும் தந்தை தப்பினார். அந்தத் தீர்ப்பைக் காட்டி நீங்கள் ஆறுதல் அடைய முடியாது. 13 வயதுப் பிள்ளையின் வாக்குறுதியை நம்பியது நியாயமாகலாம். 6 வயதுப் பிள்ளையின் வாக்குறுதியை நம்பினேன் என்று எந்த நீதிபதியிடமும் சொல்ல இயலாது. கட்டளையிடுவது போதாது, அவன் சுடும் ஒவ்வொரு தடவையும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும், மற்ற வேளைகளில் அது பூட்டிய அலுமாரியில் இருக்க வேண்டும். காயமடைவது குழந்தையானால், அது 21 வயதை அடையும்வரை நட்டஈட்டு வழக்குத் தொடரலாம் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

சட்டம் கேட்காத ஒன்றையும் நான் சொல்லியாக வேண்டும். 0.16 ஜூல் தோலில் சிறு தழும்பைக்கூட விடாமற் போகலாம். ஆனால் கண் தோல் அல்ல. சிறிய, கடினமான உருண்டை கண்குழிக்குள் நேராகப் புகுந்துவிடும். விழிக்குள் இரத்தம் கசியப் பெரிய வேகம் தேவையில்லை. இந்த விளையாட்டு பிறந்த ஜப்பானிலேயே, சிறுவருக்கென 0.135 ஜூலுக்குள் அடக்கப்பட்டவை 10 வயதுக்கு மேற்பட்டோருக்கென்றுதான் விற்கப்படுகின்றன. ஆகவே உருண்டைகளை விட்டுவிட்டு, மென்மையான நுரைக் குச்சிகளைச் சுடும்படி அதை அமைக்குமாறு உங்களை மன்றாடிக் கேட்கிறேன். உருண்டைதான் என்று முடிவெடுத்தால், ஆளை நோக்கி ஒருபோதும் சுடாமல் அட்டை இலக்கை மட்டும் சுடச் செய்யுங்கள். நிற்பவர் அனைவரும் ஈஎன் 166 என்ற ஐரோப்பியத் தரத்தில் மோதலுக்குச் சான்று பெற்ற கண்ணாடி அணிய வேண்டும். மூத்தவனின் கண்ணாடி இளையவன் முகத்தில் இடைவெளி விட்டே நிற்கும். அவன் முகத்துக்கு ஏற்ற அளவில் தனியாக வாங்குங்கள்.

வேலையைத் தொடங்குமுன் உங்கள் வீட்டுக் காப்புறுதி நிறுவனத்துக்குக் கடிதம் எழுதி, இப்படியொரு விளையாட்டுப் பொருளால் மூன்றாமவருக்கு ஏற்படும் காயம் உங்கள் ஒப்பந்தத்தில் அடங்குகிறதா என்று கேளுங்கள். தொலைபேசியில் சொல்வதை ஏற்காமல் பதிலை எழுத்தில் பெறுங்கள். அடங்காது என்று பதில் வந்தால், அந்தப் பதில் மாறும்வரை உருண்டை சுடும் எதையும் செய்ய வேண்டாம்.