வீடு விற்கும் முன், வாடகைக்கு விடும் முன்: கரண்ட் கணக்கு கேள்வி பதில்

செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் மின் செலவையும் வெக்கையையும் அளந்து பார்ப்பது பற்றி வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கோட்டையூரிலிருந்து: அண்ணே, அப்பத்தா வீட்டை விக்கப் போறோம். எனர்ஜி சர்ட்டிபிகேட் இல்லாம விக்கவே கூடாதுன்னு லண்டன் சித்தப்பா சொல்றார். நிஜமா?

சித்தப்பா சொல்வது அவர் இருக்கும் நாட்டுச் சட்டம். அங்கே விற்கவும் வாடகைக்கு விடவும் ஈபிசி என்ற சான்று வேண்டும். ஏ முதல் ஜி வரை தரம் போடுவார்கள், பத்து வருடம் செல்லும். நம் ஊரில் பத்திரம் பதிய அப்படி எதுவும் கேட்பதில்லை. 2018-இல் வந்த எகோ நிவாஸ் சம்ஹிதா என்று வீடுகளுக்கான ஓர் எரிசக்திச் சிக்கன விதித்தொகுப்பு இருக்கிறது, ஆனால் அது புதுக் கட்டடங்களை மனதில் வைத்து எழுதியது. நூறு வருடத்து வளவு (முற்றத்தைச் சுற்றிய உள்கூடம்) வீட்டை அதில் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

ஆனாலும் வாங்க வருகிறவர் கட்டாயம் கேட்பார்: "இம்புட்டுப் பெரிய வீட்டுக்குக் கரண்ட் பில் எவ்வளவு வரும்?" அதற்குத் தாளில் பதில் இருந்தால் பேரத்தில் உங்கள் கை ஓங்கும். ஈபி இணையதளத்தில் சர்வீஸ் எண்ணைப் போட்டு ஒரு வருடத்துப் பில், அதாவது ஆறு பில், எடுத்து வையுங்கள். ஒன்று மட்டும் கவனியுங்கள்: பூட்டிக் கிடந்த வீட்டின் பில் எதையும் நிரூபிக்காது. அப்படியானால் சாதனம் சாதனமாகக் கணக்குப் போட்டுத்தான் காட்ட வேண்டும்.

தேவகோட்டையிலிருந்து: யாரைக் கூப்பிடுவது? என்னென்ன பார்ப்பார்கள்?

மத்திய எரிசக்தித் திறன் பணியகத்தின் சான்று பெற்ற தணிக்கையாளர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்களுடைய வேலை பெரும்பாலும் ஆலைகளில். உங்கள் வீட்டுக்கு மெக்கர் (வயரின் இன்சுலேஷனை அளக்கும் கருவி), கிளாம்ப் மீட்டர் (வயரைக் கவ்விக் கரண்டை அளப்பது) இரண்டும் வைத்திருக்கிற, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் போதும். மெக்கர் இல்லாமல் டெஸ்டர் ஒன்றோடு வருகிறவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அவர் பார்க்க வேண்டியவை: வயரிங்கின் இன்சுலேஷன், எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கசிவு வந்ததும் கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இருக்கிறதா, மோட்டார் இழுக்கும் கரண்ட், ஒவ்வொரு அறையிலும் உள்ள சாதனங்களின் வாட். மெக்கரை 500 வோல்ட்டில் வைத்து அளக்கும்போது ஒரு மெகா ஓம் குறையாமல் வர வேண்டும். அளப்பதற்கு முன் எல்இடி பல்பு, டிவி, ஃபேனின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். கழற்றாவிட்டால் அவை கெட்டுப்போகும், அளவும் பொய்யாக வரும். கோடையில் நல்ல அளவு காட்டுகிற வயரிங் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இறங்கிவிடும். அதனால் மழைக்காலத்தில் அளந்ததைத்தான் நான் நம்புவேன்.

கானாடுகாத்தானிலிருந்து: அண்ணே, வீட்டில் வாட்ச்மேன் மட்டும்தான். ஒரு ஃபேன், ரெண்டு லைட். ஆனாலும் மீட்டர் ஓடிக்கிட்டே இருக்கு.

கசிவு இருக்கலாம். நீங்களே பார்க்கலாம். மீட்டரின் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும், பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று அச்சிட்டிருக்கும். உதாரணத்துக்கு 3200 என்று வைத்துக்கொள்வோம். மெயினை ஆஃப் செய்யாமல், வீட்டில் உள்ள எல்லா ஸ்விட்சையும் அணைத்து, பிளக்குகளைப் பிடுங்கிவிட்டுப் பத்து நிமிடம் எண்ணுங்கள். பத்து மினுக்கு வந்தால் ஏறக்குறைய 19 வாட் ஓடுகிறது, இரண்டு மாதத்துக்கு 27 யூனிட். ஒன்றுமே மினுக்கவில்லை என்றால் வயரிங் மேல் பழி இல்லை, சாதனங்களைப் பாருங்கள்.

மினுக்கினால் கிட்கேட் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவச் சொல்லுங்கள், உருவும் வேலை எலக்ட்ரீஷியனுடையது. எதை உருவியதும் நிற்கிறதோ அந்தப் பகுதியில்தான் கோளாறு. பெரும்பாலும் மரக் கேசிங்கில் ஓடும் பழைய ரப்பர் வயர்தான் காரணம். ரப்பர் காய்ந்து, தொட்டாலே உதிரும். மெயினையே ஆஃப் செய்தும் மினுக்கினால் மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவே யாரோ எடுத்திருக்கிறார்கள், அல்லது அந்தத் துண்டு வயர் கெட்டிருக்கிறது.

பங்காளிகள் தனித்தனி சர்வீஸ் வைத்திருக்கும் வீட்டில் இன்னொரு சிக்கல் வரும். ஒருவர் லைனில் கரண்ட் எடுத்து அடுத்தவர் நியூட்ரலில் திருப்பியிருப்பார்கள். புதிதாக ஆர்சிசிபி மாட்டிய அன்றே அது விழுந்துகொண்டே இருக்கும். ஆர்சிசிபியைக் குறை சொல்லிக் கழற்றிவிடாமல் நியூட்ரலைப் பிரிக்கச் சொல்லுங்கள்.

அதே வாசகர்: வயரை மாத்தினா கன்சீல்டு பண்ணிடலாமா?

வேண்டவே வேண்டாம். சுவருக்குள் வயரைப் புதைக்க முட்டைச் சாந்துப் பூச்சை ஒருமுறை கொத்தினால் ஒட்டுப் போட்ட தடம் போகாது, வீட்டின் விலையும் இறங்கும். கரையான் இல்லாத தேக்குக் கேசிங் என்றால் அதிலேயே புது வயர் இழுக்கலாம். லைட்டுக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் ஹீட்டருக்கும் 4 சதுர மில்லிமீட்டர்.

பள்ளத்தூரிலிருந்து ஒரு ஆச்சி: முற்றத்துக்கு மேல ஃபைபர் ஷீட் போட்டோம். மழைக்கு நல்லாருக்கு, ஆனா வளவுல உக்கார முடியல. குடி வர்றவங்க ஏசி கேக்குறாங்க.

ஆச்சி, வெக்கையை உண்டாக்குவது அந்த ஷீட்தான். முற்றம் திறந்திருந்தால் சூடான காற்று மேலே போகும், முகப்பு வழியாகப் புதுக் காற்று உள்ளே வரும். ஷீட் வெளிச்சத்தை விட்டுச் சூட்டைப் பிடித்து வைக்கிறது. முழுவதும் எடுக்க முடியாவிட்டால் ஓட்டு விளிம்புக்கு மேலே இரண்டடி தூக்கி, நாலு பக்கமும் கம்பி வலை மட்டும் அடித்துக் காற்றுக்கு வழி விடுங்கள். ஏசி போட்டே ஆக வேண்டும் என்றால் ஒரு படுக்கையறைக்கு மட்டும் போடுங்கள். உத்தரத்துக்கும் கதவு மேல் கிராதிக்கும் பக்கத்தில் ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். புகை ஓடும் இடமெல்லாம் காசு ஓடும் இடம், முதலில் அதை அடைத்துவிடுங்கள்.

காரைக்குடியிலிருந்து: சூட்டை அளக்க இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வாங்கினேன். ஆத்தங்குடி டைல்ல ஒரு நேரம் ஒண்ணு காட்டுது.

பளபளப்பான பரப்பில் அது எதிரே உள்ள சூட்டையும் சேர்த்துக் காட்டும். ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, கால் மணி கழித்து டேப்பின் மேல் அளந்து பாருங்கள். பிற்பகல் மூன்று மணிக்குக் கூரையின் அடிப்பக்கத்தை அளந்தால்தான் பயன். பிற்காலத்தில் போட்ட கான்கிரீட் மாடிக்கும் பழைய மெட்ராஸ் டெரஸுக்கும் (தேக்குக் கட்டை மேல் செங்கல், சுண்ணாம்பு போட்ட தளம்) உள்ள வித்தியாசம் அப்போது தெரியும்.

கான்கிரீட்டுக்கு வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடிக்கலாம். மெட்ராஸ் டெரஸுக்கு அடிக்காதீர்கள். சுண்ணாம்புத் தளம் ஈரத்தை மூச்சு விட வேண்டும். பெயின்ட் அதை அடைத்தால் தோல் உரியும், கீழே தேக்குக் கட்டை உளுத்துப்போகும். அங்கே சுண்ணாம்பு வெள்ளைதான்.

புதுவயலிலிருந்து: குடி வைக்கும் முன் குறைந்த செலவில் என்ன செய்யலாம்?

ஃபேன். பழையது 75–80 வாட், குறைந்த கரண்டில் ஓடும் பிஎல்டிசி ஃபேன் ஏறக்குறைய 30 வாட். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கு 36 யூனிட் வரை மிச்சம். ஐந்து ஃபேனுக்கு 180. பில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழே உள்ள யூனிட் அடுக்குகளின் கட்டணமும் ஏறிவிடும் என்பதால் இந்த 180 பெரிய விஷயம்.

அடுத்தது மோட்டார். 1 ஹெச்பி மோட்டார் ஏறக்குறைய 1.1 கிலோவாட் இழுக்கும். 1000 லிட்டர் தொட்டி 20 நிமிடத்தில் நிரம்பினால் அரை யூனிட்டுக்கும் குறைவு, 50 நிமிடம் என்றால் ஒரு யூனிட்டை நெருங்கும். கிணற்று மோட்டாரில் ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஊற்றித்தான் கிளப்புகிறீர்கள் என்றால் ஃபூட்வால்வு (குழாயின் அடியில் தண்ணீர் இறங்காமல் தடுக்கும் வால்வு) போயிருக்கிறது. மோட்டாரை மாற்றுவதற்கு முன் அதை மாற்றிப் பாருங்கள்.

ஆத்தங்குடியிலிருந்து: ஹோம்ஸ்டேக்கு விட்டால் இதே வீட்டு சர்வீஸ் போதுமா?

ஹோம்ஸ்டேக்கு எந்தக் கட்டணம் என்று ஈபி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். குடியிருக்க வாடகைக்கு விட்டால் வீட்டுக் கட்டணம் தொடரும். வணிகத்துக்கு விட்டுவிட்டு வீட்டு சர்வீஸிலேயே ஓட்டினால், மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126-இன் கீழ் உரிய கட்டணத்தைப் போல இரு மடங்கு மதிப்பிடுவார்கள். வணிகக் கட்டணம் என்று சொன்னால் முதலிலேயே மாற்றிக்கொள்ளுங்கள்.

கொத்தமங்கலத்திலிருந்து: விற்பதற்கு முன் சோலார் போட்டால் விலை ஏறுமா?

ஓட்டுக் கூரை மேல் வேண்டாம். கான்கிரீட் மாடி இருந்து, நிழல் விழாமல், ஒரு கிலோவாட்டுக்கு 100 சதுர அடி இடம் கிடைத்தால் யோசிக்கலாம். ஒரு கிலோவாட் நாளுக்குச் சராசரி 4 யூனிட் தரும். பிரதமர் சூரியகர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றும் அதற்கு மேலும் என்றால் மொத்தம் 78,000 ரூபாய் மானியம். ஆறு மாதத்தில் விற்கப் போகிறீர்கள் என்றால் நான் போடச் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே போட்டிருந்தால் சர்வீஸ் பெயர் மாற்றத்தோடு நெட் மீட்டர் (ஈபிக்குத் தரும் கரண்டையும் கணக்கிடும் மீட்டர்) தாள்களையும் இன்வெர்ட்டர் வாரன்டியையும் சேர்த்துக் கொடுங்கள். சர்வீஸ் இன்னும் ஐயா பேரிலேயே இருந்தால் வாரிசுச் சான்று, மற்ற பங்காளிகளின் சம்மதம் எல்லாம் முதலில் தயாராக வேண்டும், அதற்குத்தான் நாள் அதிகம் பிடிக்கும்.