பழகிய நாயைத் தத்து கொடுப்பது துரோகமா?

"மீட்கப்பட்ட ஒரு நாயைச் சில மாதம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்கிறார்கள். நம்மோடு நன்றாகப் பழகிய பிறகு அதை வேறு வீட்டுக்கு அனுப்புவது துரோகம் ஆகாதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதை எழுதும்போது என் மேசைக்கு அடியில் செவலை தூங்கிக்கொண்டிருக்கிறாள். நிறத்தை வைத்துக் கூப்பிடப்போய் அதுவே பெயராகிவிட்டது. வந்து 5 மாதம் ஆகிறது, தத்துக்குக் காத்திருக்கிறாள். என்னிடம் இப்படி வந்ததில் இவள் 7வது. முன்னால் வந்த 6 பேரும் இப்போது அவரவர் வீட்டில் இருக்கிறார்கள். ஒவ்வொருவரை அனுப்பும்போதும் நீங்கள் கேட்ட இதே கேள்வி எனக்குள்ளும் வந்திருக்கிறது.

அனுப்புவது துரோகம் இல்லை. வலிக்கும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் துரோகம் நடக்க வேறொரு இடம் இருக்கிறது. அதை நானே செவலைக்குச் செய்தேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மீட்புக் குழுவினர் கொண்டுவந்து விட்டபோது இவள் எடை 11 கிலோ. இவள் உயரத்துக்கு 16 கிலோவாவது இருக்க வேண்டும். விலா எலும்புகளை எண்ணிவிடலாம். இப்படி ஒரு நாயைப் பார்த்ததும் வயிறு நிறையப் போடத்தான் எல்லோருக்கும் கை போகும். அதைச் செய்யக் கூடாது. நாள்கணக்கில் பட்டினி கிடந்த உடம்புக்குள் திடீரென்று நிறையச் சாப்பாடு போனால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் போன்ற உப்புகளின் அளவு சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் சொன்ன அளவில் ஒரு நாளைக்கு 6 தடவை, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். உண்ணிக் காய்ச்சலும் இருந்தது. டாக்ஸிசைக்ளின் மாத்திரை 28 நாள், ஒரு வேளைகூட விடாமல். அப்புறம் குடல்புழு மருந்து, தடுப்பூசி, உடம்பு தேறிய பிறகு கருத்தடை. எனக்குச் சொந்தமாக 12 வயது நாய் ஒன்று இருக்கிறது. முதல் 2 வாரம் இருவரையும் தனித்தனி அறையில் வைத்தேன். நாய்க்கு நாய் தொற்றும் பார்வோ வைரஸ் உள்ளே இருந்தால் பெரும்பாலும் அதற்குள் தெரிந்துவிடும். இதெல்லாம் அலைச்சல்தான், கஷ்டம் இல்லை. எழுதிக் கொடுத்ததை அப்படியே செய்தால் போதும்.

கஷ்டமானது மற்றது. முதல் நாள் இரவு இந்த மேசைக்கு அடியில் போய், முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துப் படுத்தவள், மறுநாள் மாலைவரை எழுந்திருக்கவில்லை. ஒன்றுக்குக்கூடப் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தடவிக் கொடுக்கலாம் என்று கையை நீட்டினேன். கை பாதி தூரம் போகும்போதே உதட்டை ஒரு தடவை நக்கினாள். தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆனால் கண் மட்டும் என் கைமேல் இருந்தது, கண்ணோரத்தில் வெள்ளை பிறை மாதிரித் தெரிந்தது. நாய் 'வேண்டாம்' என்று சொல்வது அப்படித்தான். கையை எடுத்துக்கொண்டு, 2 மீட்டர் தள்ளி, அவளுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து என் வேலையைப் பார்த்தேன். ஒரு வாரம் என் வேலையெல்லாம் தரையில்தான் நடந்தது.

4வது நாள் கிண்ணத்திலிருந்து ஒரு வாய் மட்டும் கவ்விக்கொண்டு மேசைக்கு அடியில் ஓடி, அங்கே துப்பி வைத்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றாள். அப்படி 9 தடவை போய் வந்தாள், எண்ணினேன். 11வது நாள் மதியம் திரும்பிப் பார்த்தால், ஒருக்களித்து, நாலு காலையும் நீட்டி, வயிறு தெரிய அசந்து தூங்குகிறாள். கனவில் முன்னங்கால் மட்டும் துடித்தது. அவள் விழித்துக்கொள்வாளோ என்று தண்ணீர் குடிக்கக்கூட எழாமல் இருந்தேன்.

நாய் மீட்பில் இருப்பவர்கள் '3 நாள், 3 வாரம், 3 மாதம்' என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். மிரட்சி அடங்க 3 நாள், வீட்டின் நடைமுறை பிடிபட 3 வாரம், இது நம் இடம் என்று ஊன்ற 3 மாதம். உத்தேசக் கணக்குதான், செவலைக்கு முதல் 3 நாளே 11 நாளாக நீண்டது. ஆனாலும் புதிதாக எடுப்பவர்களுக்கு இதைச் சொல்லி வைப்பேன். 2வது நாளே மடியில் வந்து படுக்கவில்லை என்று மனம் விடாமல் இருக்க உதவும்.

ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புது இடத்துக்கு வந்த நாய் முதல் சில நாட்களில்தான் அதிகம் தப்பி ஓடும். கழுத்துப்பட்டையில் ஒரு கயிறு, உடம்பைச் சுற்றும் ஹார்னஸில் ஒரு கயிறு என்று இரண்டாகப் போட்டுத்தான் வெளியே கூட்டிப்போக வேண்டும். பயந்த நாய் பின்பக்கமாக இழுத்தால் சாதாரணக் கழுத்துப்பட்டை காது வழியாகக் கழன்றுவிடும். மீறி ஓடிவிட்டால் பின்னால் துரத்தாதீர்கள், பெயர் சொல்லிக் கத்தாதீர்கள். துரத்தத் துரத்த இன்னும் தூரம் போகும். பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, சாப்பாட்டைத் தரையில் போட்டுக் காத்திருங்கள்.

சரி, என் தவறுக்கு வருகிறேன்.

செவலைக்கு ஒரு பயம் இருந்தது. யாராவது துடைப்பத்தையோ கம்பையோ கையில் எடுத்தால் தரையோடு தரையாக ஒட்டிக்கொள்வாள். கூடவே அடித்தொண்டையில் உறுமல் வரும். அவளுக்கு முன்பு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. பார்த்தால் ஊகிக்கலாம், அவ்வளவுதான். 2வது மாதம் தத்துக்கான குறிப்பு எழுத உட்கார்ந்தபோது அந்த உறுமலை விட்டுவிட்டேன். 'கொஞ்சம் கூச்ச சுபாவம், அன்பு காட்டினால் ஒட்டிக்கொள்வாள்' என்று எழுதினேன். உறுமும் என்று போட்டால் யாரும் கேட்கக்கூட மாட்டார்கள் என்ற பயம். அவளுக்காகத்தான் மறைக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு குடும்பம் வந்து பார்த்தது. நல்ல மனிதர்கள். கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் பையன். அந்த வீட்டில் வயதான தாத்தா ஒருவர் இருந்தார். நாய் பார்க்க வரவில்லை, நானும் அவரைப் பற்றிக் கேட்கவில்லை. அவர் கைத்தடி ஊன்றி நடப்பவர்.

9வது நாள் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். அந்தப் பெண் வாசலிலேயே அழுதுவிட்டார். "கடிக்கலைங்க அக்கா, ஆனா அப்பா எந்திரிக்கிறப்பல்லாம் உறுமுது. அவர் கட்டிலை விட்டே எறங்க மாட்டேங்கிறார்" என்றார். அந்தப் பெரியவர் தன் சொந்த வீட்டிலேயே 9 நாள் பயந்து கிடந்திருக்கிறார். இவளும் 9 நாள், ஒரு நாளைக்கு எத்தனை தடவையோ அந்தத் தடியைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் ஒரு வரி எழுதியிருந்தால் இரண்டுமே நடந்திருக்காது. கயிற்றை அவிழ்த்ததும் நேராக மேசைக்கு அடியில் போய், முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துப் படுத்துக்கொண்டாள்.

அன்றைக்குப் பிறகுதான் இந்த வேலை என்னவென்று எனக்கு ஒழுங்காகப் புரிந்தது. அன்பு செலுத்துவது தானாகவே நடந்துவிடும். நாயை உள்ளபடி தெரிந்துகொள்வதும், தெரிந்ததை உள்ளபடி சொல்வதும்தான் நம் பொறுப்பு. கூண்டில் இருக்கும் நாயைப் பார்த்து அது எப்படிப்பட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. இடி இடித்தால் என்ன செய்யும், தனியாக விட்டால் கதவைப் பிறாண்டுமா, சாப்பிடும்போது பக்கத்தில் போனால் விறைக்குமா, இதெல்லாம் ஒரு வீட்டுக்குள் கூட வாழ்ந்தவருக்குத்தான் தெரியும்.

உறுமலைப் பற்றி ஒரு வார்த்தை. உறுமும் நாயைத் திட்டவோ அடிக்கவோ செய்யாதீர்கள். உறுமல் எச்சரிக்கை. அதை அடித்து அடக்கினால் பயம் போகாது, எச்சரிக்கை மட்டும்தான் போகும். அடுத்த தடவை உறுமாமலே கடிக்கலாம்.

செவலைக்கு வேறு விதமாகச் செய்தோம். துடைப்பத்தை அறையின் ஒரு கோடியில் தரையில் போட்டுவிட்டு, மறு கோடியில் அவளுக்குப் பிடித்த தீனியைக் கொடுத்தேன். சாப்பிட்டாள் என்றால் அந்தத் தூரம் அவளுக்குத் தாங்குகிறது என்று அர்த்தம். வாயை மூடிக்கொண்டால் நாம் அவசரப்பட்டுவிட்டோம், அடுத்த நாள் இன்னும் தள்ளிப் போட வேண்டும். தினம் 5 நிமிடம், அதற்கு மேல் இல்லை. ஒரு மாதத்தில் துடைப்பத்தைத் தாண்டி நடந்தாள். அடுத்து அதைத் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி வைத்தோம், அதற்கு 3 வாரம் ஆனது. இப்போது சுவரில் சாய்த்து வைத்த கம்பைக் கண்டுகொள்வதில்லை. நான் பெருக்கினால் எழுந்து அடுத்த அறைக்குப் போகிறாள், உறுமுவதில்லை. அறிமுகம் இல்லாதவர் கையில் கம்பு இருந்தால் இன்னும் உறுமுகிறாள்.

புதுக் குறிப்பில் இவ்வளவையும் எழுதினேன். 'கைத்தடி ஊன்றும் பெரியவர் இருக்கும் வீட்டுக்கு இவள் சரிப்பட மாட்டாள்' என்று முதல் வரியிலேயே போட்டேன். பிடித்தவற்றையும் அதே அளவு விவரமாக எழுதினேன். ஈரத் துணிமேல் படுப்பாள், முழங்காலில் தாடையை வைத்துக்கொண்டு கண்ணை மூடுவாள், காரில் ஏறினால் 10 நிமிடத்தில் தூங்கிவிடுவாள். எலும்பும் தோலுமாக இருந்த பழைய படத்தை எடுத்துவிட்டேன். அந்தப் படத்துக்கு நிறைய அழைப்பு வரும், ஆனால் பாவம் பார்த்து எடுப்பவர்களின் பாவம் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்பது நான் பார்த்தது. அவள் கண்மட்டத்துக்குக் குனிந்து, நல்ல வெளிச்சத்தில், புல்மேல் உட்கார்ந்திருக்கும்போது எடுத்த படத்தைப் போட்டேன்.

அழைப்புகள் குறைந்தன. முன்பு வாரத்துக்கு 7, 8 வரும். இப்போது மாதத்துக்கு 2. எனக்கு அதில் வருத்தம் இல்லை. அழைப்பவர்களிடம் இப்போது முதலில் கேட்பது, வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள், எல்லோரும் வந்து பார்க்க முடியுமா என்பதுதான். வெளியூர் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள், வாடகை வீடு என்றால் உரிமையாளர் சம்மதித்தாரா என்பதெல்லாம் அப்புறம். வேலைக்குப் போகிறவர், தனியாக இருப்பவர் என்பதற்காக யாரையும் தள்ளுவதில்லை.

உங்கள் கேள்விக்கு ஓர் ஆய்வையும் சொல்ல வேண்டும். 2019இல் வெளிவந்தது. அமெரிக்காவில் 5 காப்பகங்களில் இருந்த 207 நாய்களை ஓரிரு இரவு மட்டும் வீடுகளுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தபோது மன அழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் குறைந்தது. காப்பகத்துக்குத் திரும்பியபோது பழைய அளவுக்கே வந்தது, அதைத் தாண்டிக் கூடவில்லை. கொஞ்ச காலம் வீட்டில் வைத்துவிட்டு அனுப்பினால் அதுவே கூடுதல் கொடுமை ஆகிவிடுமோ என்று நினைப்பவர்கள் இதைப் பார்க்கலாம். அதுவும் நாம் அனுப்புவது திரும்பக் கூண்டுக்கு இல்லை, இன்னொரு வீட்டுக்கு.

நீயே வைத்துக்கொண்டால் என்ன என்று வீட்டில்கூடக் கேட்கிறார்கள். ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் இந்த வீட்டில் இரண்டாவது நாய்க்குத்தான் இடம் இருக்கிறது, மூன்றாவதுக்கு இல்லை. தத்துக்காக என்னிடம் வந்த முதல் நாயை நான் வைத்துக்கொண்டிருந்தால் செவலை இந்த மேசைக்கு அடியில் வந்திருக்கவே முடியாது.

2வதாக அனுப்பியவனை 2 வருடம் கழித்து ஒரு நாள் பார்க்கப் போனேன். உள்ளங்கையை மோந்தான். ஒரு நொடி நின்றான். அப்புறம் வால் மட்டும் இல்லை, இடுப்போடு சேர்த்து உடம்பே ஆடியது. என் முகத்தை நக்கினான், என்னைச் சுற்றிச் சுற்றி ஓடினான். பிறகு போய்த் தன் வீட்டுக்காரர் காலில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு அங்கிருந்து என்னைப் பார்த்தான். நான் கிளம்பியபோது கேட் வரை வந்தான், அதைத் தாண்டி வரவில்லை. வழியெல்லாம் அழுதேன். ஆனால் அது அவனை அனுப்பிய அன்று அழுத அழுகை இல்லை.

செவலையைப் பார்க்க இப்போது ஒரு பெண் வருகிறார். தனியாக வசிப்பவர், வீட்டிலிருந்தே வேலை. முதல் தடவை வந்த அன்று நல்ல மழை. கதவைத் திறந்தால் தலையிலிருந்து சொட்டச் சொட்ட நிற்கிறார். குடை கொண்டுவரவில்லையா என்றேன். "கொண்டு வந்தேங்க. மடக்கினா கம்பு மாதிரி இருக்கும்ல, அதான் கேட்டுக்கு வெளியவே வெச்சிட்டேன்" என்றார். குறிப்பை வரிவரியாகப் படித்திருக்கிறார். அன்று முழுக்க அவர் செவலையைத் தொடவில்லை, தரையில் உட்கார்ந்து என்னோடு பேசிக்கொண்டிருந்தார். 2வது தடவை வந்தபோது செவலை மேசைக்கு அடியிலிருந்து வந்து அவர் செருப்பை மோந்தாள். போன வாரம் முழங்காலில் தாடையை வைத்தாள்.

வரும் ஞாயிறு அவர் வீட்டில் 2 மணி நேரம் இருந்து பார்க்கப் போகிறோம். சரிப்பட்டால் அதற்கடுத்த வாரம் 10 நாள் சோதனை. இல்லையென்றால் இந்த மேசை இங்கேயேதான் இருக்கும். அவள் படுக்கும் துணியை இந்த வாரம் துவைக்கவில்லை. அந்த வீட்டுக்கு அதே வாசனையோடு அதையும் கொண்டுபோக வேண்டும்.